எட்டிதழ்த் தாமரையின் நடுவே: கோயாசானுக்குக் குடும்பத்தோடு ஒரு பயணம்

ஜப்பானின் ஒசாகா மாநகருக்குத் தெற்கே, வாகயாமா மாநிலத்தின் மலைத்தொடருக்குள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு சமவெளி இருக்கிறது. எட்டுச் சிகரங்கள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. எட்டிதழ்த் தாமரையின் பொகுட்டில் தங்கள் ஊர் அமர்ந்திருப்பதாக அங்குள்ளோர் சொல்லுவர். ஊரின் பெயர் கோயாசான். (‘கோயா’ என்ற ஒலியைக் கேட்டதும் நம்மவர்க்குக் கோயில் நினைவுக்கு வரும், அந்த ஒற்றுமை தற்செயலானது. உயர்ந்த வெளி என்பதே அச்சொல்லின் பொருள். ‘சான்’ என்றால் மலை.) சில ஆயிரம் பேரே வாழும் இச்சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 50 ஆலயங்கள் யாத்திரிகர்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் அளிக்கின்றன.

டோக்கியோவிலும் ஒசாகாவிலும் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கத் தமிழகத்திலிருந்து பெற்றோர் செல்வது இப்போது அரிதன்று. அவர்களுக்காகப் பிள்ளைகள் வகுக்கும் பட்டியலில் அதிவேக ரயில் இருக்கும், வானளாவிய கோபுரம் இருக்கும், பேரக்குழந்தைகளுக்கான கேளிக்கைப் பூங்கா இருக்கும். பெரியவர்களும் ‘உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடப்பார்கள். அறுபது, எழுபது வயதுக்கு மேல் அவ்வளவு தொலைவு செல்வது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். அந்த ஒரு முறையில் இரண்டு நாட்களையேனும் பெரியவர்கள் தமக்கெனக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. அப்படிக் கேட்பதானால் கேட்கத்தக்க இடம் இந்த மலைத்தலம்.

காஞ்சியிலிருந்து ஒரு குரு பரம்பரை

கோயாசானை நிறுவியவர் கூகாய் என்ற துறவி. 774ஆம் ஆண்டு ஷிகோகு தீவில் பிறந்தவர். மறைவுக்குப் பின் அரசவை அவருக்கு அளித்த ‘கோபோ தைஷி’ என்ற பட்டப்பெயராலேயே ஜப்பானிய மக்கள் இன்றும் அவரை வணங்குகின்றனர். அறம் பரப்பிய பேராசான் என்பது அதன் பொருள். 804ஆம் ஆண்டு அவர் கப்பலேறிச் சீனம் சென்றார். அன்றைய தலைநகர் சாங்கானில் பிரக்ஞர் என்ற இந்தியத் துறவியிடம் சமஸ்கிருதம் கற்றார். பின்னர் ஹுய்குவோ என்ற ஆசாரியரைச் சந்தித்தார். நீ வருவாய் என அறிந்து நெடுநாளாகக் காத்திருந்தேன் என்று அந்த ஆசாரியர் முதற்சந்திப்பிலேயே கூறியதாகக் கூகாய் எழுதிவைத்திருக்கிறார். சில மாதங்களுக்குள் தம்மிடமிருந்த அனைத்தையும் சீடருக்கு அளித்துவிட்டு ஹுய்குவோ மறைந்தார்.

அந்த ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் குரு வஜ்ரபோதி. இங்கேதான் நம் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். வஜ்ரபோதி தென்னாட்டிலிருந்து சென்றவர். நாலந்தாவில் பயின்றவர். காஞ்சி மாநகரில் மழை பொய்த்து நாடு வாடியபோது பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் வேண்டுகோளை ஏற்று மழைக்காக வழிபாடு செய்தவர் என்று சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ராஜசிம்மன் என்ற பெயரால் நாம் அறியும் அம்மன்னனே காஞ்சி கைலாசநாதர் ஆலயத்தை எழுப்பியவன். பின்னர் வஜ்ரபோதி இலங்கை வழியாகவும் ஸ்ரீவிஜயத்தின் வழியாகவும் கடல் கடந்து, 720ஆம் ஆண்டையொட்டிச் சீனத்தை அடைந்தார். ஆக, கைலாசநாதர் கோயில் எழுந்த தலைமுறையில் காஞ்சியில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து நான்காவது படியில் நிற்பவர் கோபோ தைஷி.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வெளிநாட்டு ஆலயத்தில் நின்றுகொண்டு ‘இதெல்லாம் நம்மிடமிருந்து வந்ததுதானே’ என்று உரக்கப் பேசும் பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அது அழகன்று. கோயாசானில் இருப்பது பௌத்தம்; ஷிங்கோன் என்ற ஜப்பானியப் பிரிவு; 1200 ஆண்டுகளாக அம்மக்கள் தம் உழைப்பால் காத்து வளர்த்த நெறி. விதை எங்கிருந்து போனாலும் மரத்தை வளர்த்தவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போவதுபோலப் போக வேண்டும். உறவும் இருக்கும், விருந்தாளிக்குரிய அடக்கமும் இருக்கும்.

அந்த அடக்கத்தோடு பார்த்தால் வியப்புக்குக் குறைவில்லை. ‘ஷிங்கோன்’ என்ற சொல்லுக்கே மெய்ம்மொழி, அதாவது மந்திரம் என்று பொருள். அவர்கள் வளர்க்கும் வேள்வியின் பெயர் கோமா. ஹோமம் என்ற சொல் சீனத்தின் வழியாகச் சென்று அப்படித் திரிந்தது. சதுரமான வேதிகை, அடுக்கிய சமித்து, நீண்ட கரண்டியால் விடும் எண்ணெய், இடைவிடாத மந்திர ஒலி என அனைத்தும் இருக்கும். முன்னே வீற்றிருப்பவர் பெரும்பாலும் அசலர், ஜப்பானிய மொழியில் ஃபுதோ. தீப்பிழம்பின் நடுவே வாளும் பாசமும் ஏந்திய கோலம். அந்நாட்டு ஆலயங்களில் சரஸ்வதி பென்சைதென்னாகவும், இந்திரன் தைஷாகுதென்னாகவும், பிரம்மா போன்தென்னாகவும், குபேரன் பிஷாமோன்தென்னாகவும் வழிபடப்படுகின்றனர். இவர்கள் அங்கே புத்தரின் அறத்தைக் காக்கும் தேவர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் நடக்கும்போது ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு கோபுரங்களை எங்கும் காணலாம். அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, அதன்மேல் கூம்பிய கூரை, அதன்மேல் அரைவட்டம், உச்சியில் மணி போன்ற முகை. இவை முறையே மண், நீர், நெருப்பு, காற்று, வெளி. ஒவ்வொரு கல்லிலும் ஓரெழுத்து, சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து வடிவில் பொறிக்கப்பட்டிருக்கும்: அ, வ, ர, ஹ, க. நீருக்கு ‘வ’, நெருப்புக்கு ‘ர’ என்பது நம் பூதசுத்தியில் வரும் பீஜங்களோடு அப்படியே பொருந்துகிறது. காஞ்சியில் தொடங்கித் தில்லை வரை பஞ்சபூதத் தலங்களைத் தரிசித்தவர்களுக்கு அந்தக் கற்கள் யாரும் விளக்காமலே புரிந்துவிடும். இறந்தவர் பஞ்சபூதங்களில் கலந்தார் என்பதை அங்கே கல்லிலேயே அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

மலையேற இயலாத தாய்

816ஆம் ஆண்டு சகா பேரரசர் இம்மலையைக் கூகாய்க்கு அளித்தார். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நாய்களோடு வந்த வேடன் ஒருவன் அவருக்கு வழிகாட்டினான் என்றும், மலைக்குரிய நியூ தேவி நிலத்தைக் கொடுத்தாள் என்றும் தலபுராணம் சொல்லுகிறது. வேடனும் தேவியும் இன்றும் ஊரின் காவல் தெய்வங்களாகப் பெருங்கோயில் வளாகத்திலேயே சன்னிதி கொண்டிருக்கின்றனர். புதிதாக வந்த நெறி பழைய தெய்வத்தைப் புறந்தள்ளவில்லை.

ஆனால் இம்மலைக்கு ஒரு விதி இருந்தது. பெண்கள் உள்ளே வரக்கூடாது. ஏழு நுழைவாயில்களிலும் பெண்களுக்கென ஒரு மண்டபம் கட்டப்பட்டிருந்தது. அதுவரை வரலாம்; இரவு தங்கித் தொழலாம்; அதற்கு மேல் ஓரடி வைக்க இயலாது. அவ்வளவு தூரம் வந்தும் மனம் கேளாத பெண்கள், சிகரங்களின் விளிம்பிலேயே மலையைச் சுற்றி நடந்து, மரங்களின் இடையே உள்ளிருக்கும் ஆலயம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாதைக்குப் பெண்கள் பாதை என்றே பெயர். 1872ஆம் ஆண்டு அரசாணையால் தடை நீங்கியது. பெண்கள் ஊருக்குள் தடையின்றிக் குடியேற இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. ஏழு மண்டபங்களில் எஞ்சி நிற்பது ஒன்று. மலையுச்சி ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பேருந்து அதன் வாசலில்தான் நிற்கும்.

இவ்விதி கூகாயின் தாய்க்கும் விலக்களிக்கவில்லை. மகன் நிறுவிய தலத்தைக் காண ஷிகோகுவிலிருந்து முதிய வயதில் அந்த அம்மையார் வந்தார். மேலே செல்ல இயலவில்லை. அடிவாரத்திலுள்ள ஜிசோன் ஆலயத்தில் தங்கினார். மகனோ மலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேலான காட்டுப்பாதையில் இறங்கிவந்து, மாதத்திற்கு ஒன்பது முறை தாயைப் பார்த்துச் சென்றார் என்பது மரபு. அந்த ஊருக்கே குதோயாமா, ஒன்பது முறை மலை, என்ற பெயர் அமைந்துவிட்டது. காலடியில் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஓடிவந்த சங்கரரையும், தாய்க்குத் தீ மூட்டிய பட்டினத்தாரையும் அறிந்த நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. துறவு எல்லா உறவையும் அறுக்கும். இந்த ஓர் உறவிடம் மட்டும் அது தோற்றுப்போவதைப் பல நாடுகளின் கதைகளும் சொல்லிவைத்திருக்கின்றன.

ஜிசோன் ஆலயத்தில் இன்றும் பெண்கள் சுகப்பிரசவத்திற்கும் மார்பக நோய் தீரவும் வேண்டிக்கொள்கின்றனர். ஒரு நாள் கூடுதலாக இருந்தால், குதோயாமா நிலையத்தில் இறங்கி, முதலில் தாயைத் தரிசித்துவிட்டுப் பின்னர் மலையேறுவது முறையான வரிசை. குடும்பத்தில் மூத்த பெண்மணி இருந்தால் அந்த ஒரு நாளைக் கட்டாயம் ஒதுக்கலாம். ஒரு காலத்தில் மன்னர்குலப் பெண்டிருக்கும் மறுக்கப்பட்ட மலையில், இன்று ஒரு பாட்டி ரயிலில் ஏறி ஐந்தே நிமிடத்தில் உச்சியை அடைகிறாள்.

இன்னும் தியானத்தில் இருப்பவர்

ஊரின் கிழக்குக் கோடியில் இருப்பது ஓகுனோயின். கோயாசான் பயணத்தின் உயிர்நிலை இதுவே. 835ஆம் ஆண்டு கூகாய் இறக்கவில்லை, நித்திய சமாதியில் அமர்ந்தார், இனி வரப்போகும் மைத்ரேய புத்தரை எதிர்நோக்கி இன்னும் அமர்ந்திருக்கிறார் என்பது அம்மக்களின் உறுதியான நம்பிக்கை. மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகளின் பிருந்தாவனத்தின் முன் நின்றவர்களுக்கும், திருவரங்கத்தில் உடையவரின் தானான திருமேனியைச் சேவித்தவர்களுக்கும் இந்த நம்பிக்கையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் அவருக்கு அமுது எடுத்துச் செல்லப்படுகிறது. வெண்மரப் பெட்டியில் வைத்த உணவை முதலில் சுவை பார்க்கும் ஜிசோ போதிசத்துவரின் சன்னிதியில் காட்டிவிட்டு, துறவிகள் பாலத்தைக் கடந்து உள்ளே கொண்டுசெல்கின்றனர். சமாதிக்குள் சென்று பணிவிடை செய்யும் உரிமை ஒரே ஒரு துறவிக்கு உண்டு. உள்ளே கண்டதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

முதற்பாலத்திலிருந்து சமாதி வரை இரண்டு கிலோமீட்டர். நூற்றாண்டுகள் கண்ட தேவதாரு வகை மரங்கள் இருபுறமும் வான் மறைத்து நிற்கின்றன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள் பாசி படர்ந்து கிடக்கின்றன. தைஷியின் அருகில் இருக்க வேண்டுமென்று மன்னரும் மறவரும் ஏழையரும் ஒரே பாதையில் இடம் தேடிக்கொண்டார்கள். ஆயுள் முழுவதும் போர்க்களத்தில் மோதிக்கொண்ட தகேதா ஷிங்கெனும் உவேசுகி கென்ஷினும் இப்பாதையில் அண்டை வீட்டார்போல இருக்கின்றனர். ஓதா நொபுனாகாவுக்கும் இங்கே இடம் உண்டு. அவரைக் காட்டிக்கொடுத்துக் கவிழ்த்த அகெச்சி மித்சுஹிதேவுக்கும் உண்டு. கொரியப் போரில் மாண்ட தம் வீரர்களுக்கும் பகைவரின் வீரர்களுக்கும் சேர்த்து ஷிமாசு குலத்தார் 1599ஆம் ஆண்டு எழுப்பிய கல் ஒன்று இருக்கிறது. வென்றவன் தோற்றவனுக்கும் சேர்த்துத் திதி கொடுப்பதுபோன்ற செயல் அது. பிற்காலத்தில் பெருநிறுவனங்களும் தம் ஊழியர்களுக்காக நினைவிடம் எழுப்பின. கரையான் ஒழிப்புத் தொழிலில் ஈடுபட்டோர், தாம் கொன்ற கரையான்களின் ஆன்ம சாந்திக்காக வைத்த கல்லும் உண்டு. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்வது நல்லது. கொன்ற உயிருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்களே!

முழங்கால் இடம் கொடுக்காத பெரியவர்கள் இரண்டு கிலோமீட்டரையும் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. ‘ஓகுனோயின்-மாயே’ என்ற பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் பாதித் தூரமே. வழியும் பெரும்பாலும் சமதளம். ஆனால் பழைய மரங்களும் மறவர்களின் கற்களும் மிகுந்திருப்பது நீண்ட பாதையில்தான். இளையவர்கள் முதற்பாலத்திலிருந்து நடந்துவர, பெரியவர்கள் பேருந்தில் வந்து கடைசிப் பாலத்தருகே சந்திப்பதென்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட பாதையில் ஒரு சிறு கிணறு உண்டு. எட்டிப் பார்த்துத் தன் நிழல் தெரியாவிட்டால் மூன்றாண்டுக்குள் மரணம் என்பது அதைப் பற்றிய கதை. எழுபதைக் கடந்தவர்கள் எட்டிப் பார்க்காமல் கடந்துபோவதே விவேகம். குனிந்தால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

கடைசிப் பாலத்திற்கு முன் வரிசையாக நிற்கும் செப்புத் திருமேனிகளின் மேல் மக்கள் நீர் வார்க்கின்றனர். மெல்லிய மரப்பட்டையில் இறந்தவர் பெயரை எழுதி வைத்து, நீர் ஊற்றித் தொழுவதும் உண்டு. நீர்க்கடன் என்ற சொல் தமிழர் எவருக்கும் அங்கே தோன்றாமல் இராது. அது நம் சிராத்தத்திற்கு ஈடாகாது, ஈடாக்க வேண்டியதுமில்லை. எனினும் அண்மையில் துணையையோ பிள்ளையையோ இழந்து வந்திருப்பவருக்கு அந்த ஒரு குவளை நீர் ஆறுதல் தரக்கூடும். குடும்பத்தார் அவரை அவசரப்படுத்தாமல் சிறிது நேரம் தனியே விட்டுவிட வேண்டும்.

பாலத்தைக் கடந்த பின் படம் எடுத்தல் கூடாது. தொப்பியைக் கழற்ற வேண்டும். உண்பதும் பருகுவதும் ஆகாது. நம் ஆலயங்களில் அறிவிப்புப் பலகையைத் தாண்டிக் கைபேசியை நீட்டும் பழக்கத்தை அங்கே காட்டலாகாது. பாலத்திற்கு அப்பால் விளக்கு மண்டபம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் மேற்கூரை வரை தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று ஆயிரம் ஆண்டுகளாக அணையாமல் எரிவதாகச் சொல்லப்படுகிறது. வளர்த்த பெற்றோரின் நற்கதிக்காக ஓர் ஏழைப்பெண் தன் கூந்தலை விற்று ஏற்றிய விளக்காம் அது. செல்வர் ஒருவர் ஏற்றிய ஆயிரக்கணக்கான விளக்குகள் காற்றில் அணைந்தபோதும் அது மட்டும் நின்று எரிந்ததாம்.

உணவும் உறக்கமும்

வெங்காயம், பூண்டு கூடத் தவிர்க்கும் முதியவர்களைப் பிற ஜப்பானிய ஊர்களுக்கு அழைத்துச் செல்வோர் படும் பாடு கொஞ்சமன்று. காய்கறி மட்டுமே உள்ளதாகத் தோன்றும் சாற்றிலும் மீன் சீவல் ஊறிய நீர் கலந்திருக்கும். கோயாசானில் ஆலய விடுதிகளில் பரிமாறப்படுவது ஷோஜின் உணவு. மீன், இறைச்சி இல்லை; வெங்காயம், பூண்டு போன்ற ஐவகைக் காரப்பொருள்களும் இல்லை. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுக்கப்படுகிறது. மலைக்குளிரில் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு இவ்வூரின் பெயராலேயே வழங்குவது. எள்ளை அரைத்து, கிழங்கு மாவோடு கிண்டிச் செய்யும் எள் தோஃபு இன்னொன்று. பெயர்தான் தோஃபுவே தவிர அதில் சோயா இல்லை. செந்நிற அரக்குப் பூசிய சிறு பலகைகளில் சின்னஞ்சிறு கிண்ணங்களாக வரும். காரமும் புளியும் இராது. பருப்புப்பொடி கையில் இருப்பது தவறில்லை; ஆயினும் ஒரு வேளையாவது அவர்கள் சமைத்த சுவையிலேயே உண்டு பார்ப்பது, சமைத்தவர்க்குச் செய்யும் மரியாதை. விடுதிகளில் மதுவும் கேட்டால் கிடைக்கும். துறவிகள் அதற்கு ‘பிரக்ஞை நீர்’ என்று குறும்பாகப் பெயரிட்டிருக்கிறார்கள். வேண்டாதோர் முன்பே சொல்லிவிடலாம். சமையலில் சிறிதளவு அரிசி மது சேர்ப்பதும் உண்டாதலால், அதுவும் ஆகாது என்பவர்கள் இடம் பதிவுசெய்யும்போதே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

விடுதியில் கோரைப்பாய் விரித்த தரை, நகரும் காகிதக் கதவு, இரவில் தரையில் விரிக்கும் மெத்தை. தரையில் அமர்ந்து எழ இயலாதவர்கள் நாற்காலியும் கட்டிலும் உள்ள அறை இருக்கிறதா என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். சில விடுதிகளில் உண்டு. கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, தாழ்வாரத்தில் நடக்க வேண்டுமா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை எழும் வயதினருக்கு இதுவே முதல் கேள்வி. குளியல் பெரும்பாலும் பொதுக் குளியலறையில்; ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே இருந்தாலும் ஆடையின்றியே இறங்க வேண்டும். கூச்சமுள்ளோர் தனிக்குளியலறை கொண்ட அறையாகத் தேர்ந்துகொள்ளலாம்.

இரவு உணவு ஐந்தரை, ஆறு மணிக்கே வந்துவிடும். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் உணவு இராது. ஊரில் கடைகளும் மாலையிலேயே அடைபட்டுவிடும். காலை ஆறு, ஆறரை மணிக்கு வழிபாடு. விடுதியில் தங்கும் எவரும் சென்று அமரலாம். இருண்ட மண்டபத்தில் தூபமணத்தின் நடுவே, பொருள் புரியாத மொழியில், ஆனால் ஏற்ற இறக்கம் வேதபாராயணத்தை நினைவூட்டும் ஒலியில் அது நடைபெறும். இதனால்தான் ஒசாகாவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தை ஏற்பதற்கில்லை. கோயாசானை அறிவது பகலில் அன்று; சுற்றுலாப் பேருந்துகள் இறங்கிப்போன பின்வரும் இரவிலும் மறுநாள் விடியலிலும்தான்.

போகும் வழியும் காலமும்

சென்னையிலிருந்து சிங்கப்பூர், பாங்காக் போன்ற நகரங்களில் மாறி ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தை அடையலாம். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நான்காய் நிறுவனத்தின் சிறப்பு விரைவு ரயில் சுமார் 80 நிமிடத்தில் கோகுராகுபாஷியில் சேர்க்கும். சுவர்க்கப் பாலம் என்பது அந்நிலையத்தின் பெயர். அங்கிருந்து செங்குத்தான சரிவில் கம்பிவடம் இழுக்கும் ரயில் ஐந்து நிமிடத்தில் உச்சிக்கு ஏற்றிவிடும். உச்சியிலிருந்து ஊருக்குப் பேருந்தில்தான் போக வேண்டும். அச்சாலையில் நடக்க அனுமதியில்லை. வெளிநாட்டினர் பெரும்பாலும் வாங்கும் ஜேஆர் ரயில் சீட்டு நான்காய் வழித்தடத்தில் செல்லாது என்பதைப் பலர் நிலையத்தில் நின்ற பிறகே அறிகின்றனர். நான்காய் நிறுவனம் விற்கும் கோயாசான் சீட்டில் போக வர ரயிலும், மலைமேல் பேருந்தும் அடங்கும்.

பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஜப்பானில் ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டியை அனுப்பிவைக்கும் கூரியர் சேவை மிகச் சீரானது. ஓர் இரவுக்கு வேண்டியதை ஒரு தோள்பையில் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். இந்த ஒரு செலவை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க எண்ணலாகாது.

செலவென்று பார்த்தால், ஆலய விடுதியில் இரு வேளை உணவுடன் ஒருவருக்கு ஓர் இரவுக்குப் பெரும்பாலும் 15,000 யென்னோ அதற்கு மேலோ ஆகும். அறைக்கு இவ்வளவு என்றல்ல, தலைக்கு இவ்வளவு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. அட்டையை ஏற்காத இடங்களும் இருப்பதால் ரொக்கமும் கையிலிருக்க வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகளைப் படித்த பிறகே பதிவுசெய்வது நல்லது. முதியோருடன் செல்கையில் தேதி மாறுவது இயல்பு.

விசாவுக்கான படிவங்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மருந்து விஷயத்தைப் பெரியவர்களே முன்கூட்டிக் கவனிக்க வேண்டும். மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுசெல்ல ஜப்பானிய அரசின் முன் அனுமதிச் சான்று வேண்டும். சளிக்கென நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்கே தடைசெய்யப்பட்டது. மருந்துச்சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது முன்பே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். கறிவேப்பிலை, பழங்கள் முதலிய பச்சைப் பொருள்களைச் சான்றிதழின்றிக் கொண்டுசெல்ல இயலாது. விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரியில் பனி பெய்து வழுக்கும், முதியோர்க்கு வேண்டாம். அக்டோபர் இறுதியிலும் நவம்பர் முற்பாதியிலும் மலை முழுதும் இலைகள் செந்நிறம் கொள்ளும். அழகும் மிகுதி, கூட்டமும் மிகுதி. மே மாதம் 3 முதல் 5 வரையும் அக்டோபர் 1 முதல் 3 வரையும் பெருங்கோயிலில் அபிஷேகச் சடங்கு நடைபெறுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டலச் சித்திரத்தின்மேல் மலரிடுவர். மலர் விழுந்த இடத்துத் தெய்வத்தோடு ஒரு பந்தம் ஏற்படுவதாகக் கொள்வர். சீனத்தில் கூகாய் இரு முறை இட்ட மலரும் மகாவைரோசனர்மேலேயே விழுந்ததென்பது வரலாறு. சாதாரண மக்களும் கலந்துகொள்ளலாம். ஆனால் அது ஒருவகை தீட்சை. வேடிக்கையாகப் போய் அமர்வதைவிட, வீட்டில் பேசி முடிவெடுப்பது முறை. ஆகஸ்ட் 13ஆம் நாள் மாலை, ஓகுனோயின் பாதை நெடுகிலும் மெழுகுத்திரி ஏற்றுகின்றனர். முன்னோர் வீடு திரும்பும் ‘ஓபோன்’ காலம் அது. நம் மகாளய பட்சம்போன்றது. காணக் கிடைக்காத காட்சிதான். எனினும் ஜப்பான் முழுவதுமே ரயிலேறும் வாரம் அது. வெயிலும் கடுமை. கைத்தடியோடு நடப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்து, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்தின் பிற்பாதியிலோ செல்லலாம். மலைமேல் செர்ரி மலர்வதே ஏப்ரல் பின்பகுதியில்தான். காலை மாலைகளில் குளிரும். கம்பளி ஆடையும் தடித்த காலுறையும் தேவை. ஆலயத்துக்குள் அடிக்கடி காலணியைக் கழற்ற வேண்டியிருப்பதால், நாடா இல்லாத காலணி வசதி.

பெருங்கோயில் வளாகத்தில் 48.5 மீட்டர் உயரச் செந்நிறக் கோபுரம், கொங்கோபுஜி தலைமை மடத்தின் கற்றோட்டம், இரண்டாயிரம் பேருக்குச் சோறு வடித்த அதன் அடுப்படி ஆகியவை முதல் நாள் பிற்பகலுக்குப் போதும். கொங்கோபுஜி என்றால் வஜ்ரசிகரக் கோயில். அடுப்படியைப் பெண்கள் விரும்பிப் பார்ப்பார்கள்; கும்பகோணத்து மடங்களின் மடப்பள்ளியில் உள்ள அண்டாக்கள் அங்கே இடம்பெயர்ந்து வந்ததுபோலிருக்கும். இரண்டாம் நாள் காலை வழிபாடும் சிற்றுண்டியும் முடிந்தபின், அவசரமின்றி ஓகுனோயின் செல்லலாம். பத்தரை மணி அமுதுப்பெட்டி பாலத்தைக் கடப்பதைக் கண்டு தொழுதுவிட்டுப் புறப்பட்டாலும், பிற்பகல் மூன்று மணிக்குள் ஒசாகா சேர்ந்துவிடலாம்.